பற்று வரவு

அன்றாட வாழ்க்கையில் கடவுளைக் கண்டுவிட்டதாகச் சொல்லும் எழுத்துக்குத் தமிழில் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. மழைத்துளியில் கண்டவர்கள் இருக்கிறார்கள். குழந்தையின் சிரிப்பில், வாசல் கோலத்தில், அம்மாவின் கைச்சோற்றில் கண்டவர்கள் இருக்கிறார்கள். வார இதழ்களின் கவிதைப் பக்கங்களை இவர்கள்தான் நிரப்பினார்கள். அந்தப் பக்கங்கள் குறைந்துபோன பிறகு, விடிந்ததும் கைபேசியில் வந்து விழும் வாழ்த்துகளில் குடியேறிவிட்டார்கள். இவர்களில் ஒருவராவது கழிப்பறையில் எதையாவது கண்டதாக எழுதி நான் படித்ததில்லை.

ஹாப்கின்ஸ் எழுதியிருக்கிறார். ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ், 1844இல் பிறந்து 1889இல் இறந்த ஆங்கிலக் கவி, சேசு சபைத் துறவி. குருமாணவராக இருந்த வருஷங்களில் எழுதிய நாட்குறிப்பில், ஒரு கடுங்குளிரில் மடத்துச் சிறுநீர்க் கழிப்பிடத்தின் கற்பலகைகளில்கூட உறைபனி தளிர் தளிராகப் படர்ந்திருந்ததைக் குறித்துவைத்திருக்கிறார். ஒரு வாக்கியம்தான். அதற்கு முன்னும் பின்னும் மேகம், மரப்பட்டை, துடைப்பம் ஒதுக்கிப் போட்ட பனிக்கட்டிகள் என்று போய்க்கொண்டிருக்கிறது. படிமம் தேடி அவர் அங்கே போகவில்லை. போன இடத்தில் கண் திறந்திருந்தது, அவ்வளவுதான். மழை விட்டதும் பாதை மணல் மினுங்குவதைக் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இவரை, மடத்தில் இருந்த ஒருவர் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டதாகவும் ஒரு செய்தி உண்டு.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்த நாட்குறிப்பில் பக்கம் பக்கமாகக் கடவுள் என்ற சொல்லே வராது என்பது. மேகம் மேகமாகவே இருக்கிறது. அதன் விளிம்பு, அதன் மடிப்பு, அது கலைகிற விதம். ஒவ்வொரு பொருளும் தான் தானாக இருக்கிற அந்த உள்வடிவத்துக்கு ‘இன்ஸ்கேப்’ என்று ஒரு சொல்லையே அவர் உண்டாக்கிக்கொண்டார். சொல்லை உண்டாக்கிச் சில வருஷங்கள் கழித்து, 1872இல், டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற மத்தியகாலப் பிரான்சிஸ்கன் தத்துவவாதியின் புத்தகம் கையில் கிடைக்கிறது. ஒரு பொருளை வேறெதுவும் ஆகாமல் இதுவாகவே நிறுத்துகிற ‘இதுத்தன்மை’ ஒன்று உண்டு என்பது ஸ்கோட்டஸ் கட்சி. ஹாப்கின்ஸுக்குக் கண்ணால் தெரிந்திருந்ததற்கு இப்போது வேதசாஸ்திரத்தின் கையெழுத்தும் கிடைத்துவிட்டது.

நம்முடைய பழக்கம் இதற்கு நேர் எதிர். தூணில் கடவுள், துரும்பில் கடவுள் என்று சொல்லிச் சொல்லி, கடவுள் கிடைத்தவுடன் தூணையும் துரும்பையும் கைகழுவிவிடுகிறோம். எந்தத் தூண், எந்த ஊர்க் கல், யார் செதுக்கியது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. எல்லாவற்றிலும் இருக்கிறவரைப் பார்ப்பதற்கு எதையுமே பார்க்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. இதை அத்வைதத்தின் குற்றமாக நான் சொல்லவில்லை; அத்வைதத்தைச் சோம்பேறித்தனத்துக்குச் சாக்காக வைத்துக்கொண்ட எழுத்தைச் சொல்கிறேன். கத்தோலிக்கனுக்கு இந்தச் சாக்கு கிடையாது. அவன் கடவுள் ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட ரோமானிய அதிகாரியின் காலத்தில், ஒரு தச்சன் வீட்டில் பிறந்தவர். ரொட்டியும் திராட்சை ரசமும் இல்லாமல் பூசை இல்லை. பொருளைத் தாண்டிக் குதிக்க அவன் முயன்றால் அவனுடைய மதமே தடுக்கும், தடுக்க வேண்டும்.

கல்லூரியில் எங்களுக்கு ‘பைட் ப்யூட்டி’ பாடம். 1877இல் எழுதியது. ஒரு இயற்கைக் கவிதையாகவே அதை நடத்தி முடித்தார்கள். நோட்ஸிலும் அப்படித்தான் இருந்தது. புள்ளி விழுந்த மாட்டுக்கும் மீனுக்கும் பக்கத்திலேயே எல்லாத் தொழில்களின் கருவிகளையும் சாமான்களையும் ஹாப்கின்ஸ் கொண்டுவந்து வைக்கிறார் என்பதை யாரும் நின்று கவனிக்கவில்லை. வைத்த இடம்தான் அந்தக் கவிதையின் தைரியம். மாட்டைக் கடவுள் படைத்தார் என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். உளிக்கும் கயிற்றுக்கும் அதே பட்டியலில் இடம் கொடுக்க வேண்டுமென்றால், உழைப்பைப் பற்றி ஏதோ ஒன்றை நம்பியிருக்க வேண்டும்.

அந்த ஏதோ ஒன்று எனக்கு முக்கியம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வங்கிக் குமாஸ்தா. பத்து மணிக்குக் கவுன்ட்டரில் உட்கார்ந்தால் மற்றவர்கள் பணத்தை எண்ணி வாங்கி, எண்ணிக் கொடுத்து, மாலையில் கேஷ் டாலி ஆகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருக்க வேண்டும். கணினி வந்ததில் பேரேடு போயிற்று, எண்ணுவது போகவில்லை. ஞானஸ்நானம் பெற்றவன் என்ற முறையில், ‘எல்லாவற்றிலும் கடவுளைக் காண்’ என்ற உபதேசத்தைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் என்றால் இந்த எட்டு மணி நேரமும் அதில் அடங்குமா? அடங்கும் என்றால் எப்படி என்று எழுதியவன் யார்? அடங்காது என்றால், நாளின் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிட்டு மிச்சத்தில் குடித்தனம் நடத்துகிற அந்தக் கடவுளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எல்லாவற்றிலும் கடவுளைக் காண்பது என்ற இந்தப் பேச்சு சேசு சபையைத் தோற்றுவித்த இஞ்ஞாசியாரோடு சேர்ந்தது. அவருடைய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலுக்கு 1548இல் போப்பாண்டவரின் அங்கீகாரம் கிடைத்தது. அதன் கடைசித் தியானத்தில், படைத்த பொருள்களுக்குள் கடவுள் ஒரு வேலையாளைப் போலப் பாடுபடுகிறார் என்ற எண்ணம் வருகிறது. பெரிய எண்ணம். மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாரும் இந்தக் கடைசிப் பக்கத்துக்குத்தான் ஓடுகிறார்கள். முன்பக்கத்தில் இருக்கிற வேறொன்று என் கண்ணில் பட்டது. அங்கே ஆத்தும சோதனைக்கு ஒரு முறை சொல்லியிருக்கிறார்: ஒரு குறிப்பிட்ட குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு. மதிய உணவுக்குப் பிறகு, காலையில் எழுந்ததிலிருந்து மணி மணியாக யோசித்து, எத்தனை தடவை விழுந்தோமோ அத்தனை புள்ளி முதல் கோட்டில். இரவு உணவுக்குப் பிறகு இரண்டாம் கோட்டில். இரண்டு கோட்டையும் ஒப்பிடு. நாளை நாளோடு ஒப்பிடு. வாரத்தை வாரத்தோடு ஒப்பிடு. நாட்கள் போகப் போகக் கோடு குட்டையாவதையும் அச்சில் படமாகவே போட்டிருக்கிறார்கள்.

இது ஒரு பேரேடு. வங்கியில் வேலை பார்க்கிற எவனுக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். 

அவருடைய வாழ்க்கையும் இதற்கு ஒத்துப்போகிறது. 1521இல் பம்ப்லோனாவில் குண்டடி பட்ட போர்வீரர், மன்ரேசாவில் தவம் கிடந்தவர் என்ற பகுதிகளைத்தான் கோயில் பிரசங்கங்களில் கேட்போம். 1541இல் சபைத் தலைவரானதிலிருந்து 1556இல் சாகும்வரை அந்த மனிதர் ரோமில் சில அறைகளுக்குள் உட்கார்ந்து நிர்வாகம் பண்ணிக்கொண்டிருந்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஏறத்தாழ 7000 கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. 1547 முதல் போலான்கோ என்ற செயலாளர். யாரை எந்த ஊருக்கு மாற்றுவது, எந்தக் கல்லூரிக்குப் பணம் போதவில்லை, எவருக்கு உடம்பு சரியில்லை என்பன போன்ற அலுவலகக் காகிதங்கள்தான் பெரும்பாலும். இதே காலத்தில் 1544-45இல் அவர் எழுதிய அந்தரங்கக் குறிப்பேட்டின் பிற்பகுதி வெறும் குறியீடுகளாகச் சுருங்கிவிடுகிறது: இன்றைக்குப் பூசைக்கு முன்பு கண்ணீர் வந்ததா, பூசையில் வந்ததா, பின்பு வந்ததா. ஓரெழுத்துக் குறி போட்டிருக்கிறார். கண்ணீருக்கு வவுச்சர்! சிரிப்பு வருகிறது, கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிடுகிறது. கடவுள் வந்த நாளையும் வராத நாளையும் ஒரே மையில், ஒரே அளவு எழுத்தில் குறித்துக்கொள்வதற்கு எவ்வளவு நேர்மை வேண்டும்.

இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவரும் ஒரு கத்தோலிக்கத் துறவிதான். லூக்கா பச்சோலி, பிரான்சிஸ்கன் சபை, 1494, வெனிஸ். கணக்குப் புத்தகத்தைக் கடவுள் பெயரைச் சொல்லித் தொடங்கு, முதல் ஏட்டுக்குச் சிலுவை அடையாளம் போடு என்று அவர் சொல்லிக்கொடுக்கிறார். நம் ஊர்க் கடைகளில் புதுக்கணக்குக்குப் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி. ஆனால் சுழி போடுவதோடு கடவுள் ஒதுங்கிக்கொள்கிறார். அடுத்த வரியிலிருந்து ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்று நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு நிற்காது.

தமிழில் இந்தச் சொற்கள் அமைந்திருக்கும் விதம் எனக்கு எப்போதும் ஆச்சரியம். பற்று என்றால் கடன் பக்கம். பற்று என்றால் ஆசையும்தான். வள்ளுவருக்கு விட வேண்டியது, குமாஸ்தாவுக்கு எழுத வேண்டியது. இஞ்ஞாசியார் கேட்பதும் பற்றின்மையைத்தான். ஆனால் விடுவதற்கு முன்னால் எழுது என்கிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். அன்றாடத்தில் கடவுளைக் காட்டுவதாகச் சொல்லும் பக்தி இலக்கியத்தில் பெரும்பகுதி வரவு மட்டும் எழுதப்பட்ட கணக்கு. வராத நாள், சலித்த நாள், கசந்த நாள் எதுவும் ஏட்டில் ஏறுவதில்லை. வரவு மட்டும் இருக்கிற கணக்கை ஆடிட்டர் என்ன சொல்வாரோ அதைத்தான் விமர்சகனும் சொல்ல வேண்டும்.

சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர். லொரேனில் பிறந்த நிக்கோலா எர்மான். போரில் காயம்பட்டு, பிறகு பாரிஸில் கார்மேல் மடத்தில் சேர்ந்து, அடுக்களையில் வெகுகாலம் சமையல், வயதான பின் செருப்புத் தைத்தல். 1691இல் இறந்தார். பானைகளுக்கு நடுவில் கடவுளோடு இருந்தவர் என்று உலகம் முழுவதும் அவர் பெயரில் சிறு புத்தகம் விற்கிறது. சமையல்வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது என்பதும், முதல் பத்து வருஷம் மனசுக்குள் அவதிப்பட்டார் என்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கின்றன. மடத்துக்குத் திராட்சை ரசம் வாங்க அவரைப் பர்கண்டிக்கு அனுப்புகிறார்கள். வியாபார சாமர்த்தியம் கிடையாது. கால் வேறு ஊனம். படகில் பீப்பாய்களின் மேல் உருண்டுதான் நகர முடிந்தது. நூறு மேற்கோள் தொகுப்புகளில் பானை வரும். பீப்பாய்மேல் உருளும் நொண்டிக் கிழவன் வரமாட்டான். என்னிடம் கேட்டால், பானையை விட்டுவிட்டு அந்தப் பீப்பாயை எடுத்துக்கொள்வேன்.

தெரேஸ் விஷயம் இன்னும் சிக்கலானது. நம் கோயில்களில் கை நிறைய ரோஜாவோடு நிற்கும் குழந்தை தெரேசம்மாள். லிசியூ கார்மேல் மடத்தில் பதினைந்து வயதில் நுழைந்து, காசநோயில், 1897 செப்டம்பர் 30 அன்று, இருபத்துநாலு வயதில் செத்துப்போன பெண். அவள் எழுதிய தன்வரலாறு மறுவருஷம் வெளிவந்து லட்சக்கணக்கில் பரவியது. சின்னச் சின்னக் காரியங்களில் கடவுள் என்ற ‘சிறுவழி’ அதில்தான் இருக்கிறது. என் பிள்ளைப் பிராயத்தில் கேட்ட தெரேசம்மாள் சர்க்கரைப் பாகு. பிற்பாடு ஆங்கிலத்தில் முழுசாகப் படித்தபோது அகப்பட்டவள் வேறு ஆள். துணி துவைக்கும்போது எதிரில் நிற்கும் சகோதரி அழுக்குத் தண்ணீரை இவள் முகத்தில் தெறித்துக்கொண்டே இருக்கிறாள். இவளுக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும்போல இருக்கிறது. தியான நேரத்தில் பின்னால் இருப்பவள் எதையோ உரசி நொறநொறவென்று சத்தம் பண்ணுகிறாள். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் நின்றுவிடும். திரும்பாமலிருக்கிற முயற்சியில் இவளுக்கு வியர்த்துக் கொட்டுகிறது. இந்த வியர்வையை நான் நம்புகிறேன். சத்தத்தையே ஒரு சங்கீதமாகக் கேட்டுக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தேன் என்று அவள் பிறகு எழுதுவதையும், வியர்த்ததை எழுதியதனால், நம்புகிறேன். பக்கத்து மேஜைக்காரர் நாள் முழுக்க மேஜையில் பேனாவைத் தட்டிக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது எந்த வேதசாஸ்திரத்தையும்விடத் துல்லியமான எழுத்து.

இதற்குப் பின்னால் ஒரு பதிப்புக் கதை இருக்கிறது. 1898இல் வந்த புத்தகத்தை அவள் அக்கா, அதே மடத்திலிருந்த தாய் ஆக்னெஸ், ஏராளமாகத் திருத்தி, வெட்டி, மெருகேற்றித்தான் அச்சுக்குக் கொடுத்தார். தெரேஸ் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் அப்படியே நிழற்படமாக வெளிவர 1956 ஆயிற்று. 1925இல் அவளுக்குப் புனிதர் பட்டமே கொடுத்தாகிவிட்டது. அதாவது, உலகம் அவளைப் புனிதை என்று ஏற்றுக்கொண்டு முப்பது வருஷம் கழித்துத்தான் அவள் கையெழுத்தைப் பார்க்கிறது. அக்காவைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. தங்கையின் எழுத்துப் பிழையைத் திருத்துவது அன்புதான். ஆனால் அன்றாடம் என்பதே அந்தப் பிழைகளில்தான் இருக்கிறது என்று ஒரு கட்சி உண்டு. இலக்கியக்காரன் அந்தக் கட்சி. அவளுடைய கடைசி ஒன்றரை வருஷம், 1896 ஈஸ்டர் தொடங்கி, விசுவாசமே இருண்டுபோன காலம். சொர்க்கம் என்ற நினைப்பே சுவராக எழும்பி நின்றதை அவளே எழுதியிருக்கிறாள். ரோஜாவோடு நிற்கும் சுரூபத்தில் இதைச் செதுக்க முடியாதுதான்.

மெருகேற்றும் இந்தக் காரியத்தைத் தமிழில் ஒருவர் மகத்தான அளவில் செய்திருக்கிறார். சூசையப்பர் சுவிசேஷங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தச்சர், கனவு கண்டார், எழுந்தார், சொன்னதைச் செய்தார். கிறிஸ்தவ மரபில் அன்றாடத்துக்கென்றே ஒரு ஆள் உண்டென்றால் இவர்தான். அந்த மௌனத்தை எடுத்து வீரமாமுனிவர் 1726இல் 36 படலம், 3615 பாட்டு கொண்ட ‘தேம்பாவணி’யாக்கினார். சூசை ‘வளன்’ ஆனார். இத்தாலியிலிருந்து வந்த ஒரு சேசு சபைச் சாமியார் தமிழ்க் காவிய மரபை இந்த அளவுக்குக் கைவசப்படுத்தியது பிரமிப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் படித்து முடித்தபின் எனக்குள் தங்கியது நாட்டு வளமும் நகர் வளமும்தான், இழைப்புளியின் சத்தம் இல்லை. காவியம் கேட்கிற வளத்தை அவர் கொடுத்தார். தச்சுப்பட்டறையின் வறுமைக்கு அன்றைய செய்யுளில் மொழி இல்லை. ஹாப்கின்ஸும் அதே சபை, அதே பயிற்சி. நூற்றைம்பது வருஷம் கழித்து லிவர்பூலில், 1880இல், தன் பங்கைச் சேர்ந்த ஒரு லாடக்காரன் செத்ததைப் பற்றி ‘ஃபீலிக்ஸ் ராண்டல்’ என்ற சானெட்டை எழுதுகிறார். அந்தக் கவிதை மோட்சத்தில் போய் முடியவில்லை. உலைக்குத் திரும்பி, குதிரைக்கு லாடம் அடிப்பதில் முடிகிறது. தமிழ்க் கிறிஸ்தவக் கவிதை இந்த லாடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் எழுதலாம், பத்திரிகையில் இடம் இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, லாடம் அடிக்கிறதும் பாத்திரம் தேய்க்கிறதும் புனிதம்னு சொல்லிட்டா கூலி கேக்க வேண்டாம், இல்லையா?" என்றார். தொழிற்சங்கத்தில் இருப்பவர். லேசான கேள்வி இல்லை. வேலையைப் புனிதமாக்கும் பேச்சு வேலை கொடுப்பவனுக்கு எப்போதும் சௌகரியமானது. அடுக்களையில் கடவுளைக் கண்ட புத்தகங்களை அடுக்களைக்கே போகாதவர்கள் பரிசாக வாங்கிக் கொடுப்பதை நானும் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கேள்விக்கு உபதேசியார்கள் யாரும் பதில் வைத்திருக்கவில்லை. பதில் மாதிரி ஒன்றை வைத்திருப்பவர், ஞானஸ்நானத்தின் வாசலிலேயே நின்றுவிட்ட சிமோன் வெய்ல். தத்துவ ஆசிரியை, விடுப்பு எடுத்துக்கொண்டு 1934 டிசம்பரிலிருந்து 1935 ஆகஸ்ட் வரை பாரிஸ் பகுதியில் மூன்று தொழிற்சாலைகளில், கடைசியாக ரெனோவில், கூலிக்கு வேலை செய்தார். அப்போது வைத்திருந்த நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும். எத்தனை துண்டு, எத்தனை நிமிஷம், துண்டுக்கு என்ன கூலி, எத்தனை பழுதாயிற்று, எவ்வளவு பிடித்தார்கள். பக்கம் பக்கமாக எண். நடுநடுவில் தலைவலி, களைப்பு, அழுகை. கடவுள் இல்லை. யோசிக்கும் சக்தியே போய்விடுகிறது, யோசிக்காமலிருப்பதுதான் தப்பிக்கும் வழியாகிவிடுகிறது என்று கண்டுகொள்கிறார். அந்த வேலையைப் புனிதம் என்று அவர் சொல்லவில்லை, அடிமைத்தனம் என்றார். அது முடிந்த கையோடு போர்ச்சுகலில் ஒரு மீனவர் கிராமத்தில், செம்படவப் பெண்கள் பாடிக்கொண்டு படகுகளைச் சுற்றி வருவதைக் கேட்டபோதுதான், கிறிஸ்தவம் அடிமைகளின் மதம், தானும் அவர்களில் ஒருத்தி என்று அவருக்குப் பட்டது. வரிசை முக்கியம். முதலில் எண்கள். அதற்குப் பிறகுதான் பாட்டு. எண்களை எழுதாமல் பாட்டுக்குப் போயிருந்தால் நண்பர் கேள்விக்கு முன் அவர் எழுத்தும் நின்றிருக்காது. கவனம் என்பதே அதன் உச்சியில் ஜெபம் என்று அவர் பின்னால் எழுதினார். கவனத்தையே தின்றுவிடுகிற வேலையைச் செய்து பார்த்தவர் சொன்னதால் அந்தக் கருத்துக்குக் கனம் இருக்கிறது. வேலை அப்படியே இருக்கட்டும், நீ கடவுளைப் பார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்திப் பார்க்க முடிகிற மாதிரி வேலையை மாற்று என்றார். நண்பர் இதை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.

ஹாப்கின்ஸுக்குத் திரும்ப வேண்டும். 1884இல் அவரை டப்ளினுக்கு அனுப்புகிறார்கள், கிரேக்கப் பேராசிரியராக. வேலையின் பெரும்பகுதி விடைத்தாள் திருத்துவது. அயர்லாந்து முழுவதிலுமிருந்து நூற்றுக்கணக்கில் வந்து குவியும் தாள்கள். அரை மார்க், கால் மார்க்குக்கெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். கழிப்பிடத்துக் கற்பலகையில் உறைபனியைக் கண்ட அதே கண். அந்தக் கண் விடைத்தாளில் எந்த உள்வடிவத்தையும் காணவில்லை. 1885 வாக்கில் எழுதிய சானெட்டுகளில் வெறும் இருட்டு, கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லை, விடியாத ராத்திரி. யாருக்கும் அனுப்பாமல் வைத்திருந்தார். இறந்த பிறகு நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸிடம் போய்ச் சேர்ந்து, 1918இல்தான் மற்றக் கவிதைகளோடு அச்சாயின.

பக்தர்களான விமர்சகர்கள் சிலர் இவற்றையும் விட்டுவைக்கவில்லை. ஆத்துமாவின் இருண்ட இரவு என்று சிலுவை அருளப்பரிடம் கடன் வாங்கிய ஒரு தலைப்பைப் போட்டு, இதுவும் புனிதத்துக்குப் போகும் வழியில் ஒரு ஸ்டேஷன்தான் என்று வரவு வைத்துவிட்டார்கள். எனக்கு இது டாலி ஆகாத கேஷை சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகிற தந்திரமாகப் படுகிறது. அந்தச் சானெட்டுகளில் இருக்கிறவன் ஸ்டேஷனில் நிற்கவில்லை; எந்த ரயிலும் வரும் என்ற தகவல் அவனிடம் இல்லை. ஆனால் அவன் பேசுவது இன்னும் கடவுளிடம்தான். இல்லாத ஒருவரிடம் அவ்வளவு கோபமாகப் பேச முடியாது என்பதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. 1877இன் மகிழ்ச்சியை 1885இன் இருட்டு பொய்யாக்குகிறதா? மாறாக, எனக்கு முந்தியதை நம்பவைப்பதே பிந்தியதுதான். காணாதபோது காணவில்லை என்று எழுதுகிறவன், கண்டேன் என்று சொன்ன இடத்தில் எதையோ கண்டிருக்கிறான்.

நாவலில் இதே கணக்கை நேர்மையாக எழுதியவர் ஜார்ஜ் பெர்னானோஸ். ‘ஒரு கிராமப் பங்குக் குருவின் நாட்குறிப்பு’, 1936. மறுபடியும் நாட்குறிப்பு, மறுபடியும் ஏடு. பள்ளிக்கூட நோட்டில் ஒரு இளம் சாமியார் எழுதிக்கொண்டே போகிறார்; சில இடங்களில் கிழித்திருக்கிறார், அடித்திருக்கிறார். ஊரே அலுப்பில் அரித்துப்போயிருக்கிறது என்பதில்தான் நாவல் ஆரம்பிக்கிறது. வயிறு எதையும் ஏற்காததால் ரொட்டியை மலிவான வைனில் நனைத்துத் தின்கிறார். ஊரார் குடிகாரன் என்கிறார்கள். வயிற்றில் இருப்பது புற்று என்று வெகு தாமதமாகத் தெரிகிறது. நற்கருணையின் அதே இரண்டு பண்டங்கள், ரொட்டியும் ரசமும், அவருக்கு அன்றாட அவமானமாக வந்து வாய்த்திருக்கின்றன. இதைப் பெர்னானோஸ் எந்த இடத்திலும் விரலால் சுட்டவில்லை. நம்மவர் யாராவது எழுதியிருந்தால் ஒரு அத்தியாயத் தலைப்பே ஆக்கியிருப்பார்.

ப்ரெஸ்ஸோன் 1951இல் இதைப் படமாக்கினார். நோட்டு, பேனா, மையொற்றும் தாள், எழுதுகிற கை என்று படம் முழுவதும் அந்தக் கணக்கெழுத்தின் சாமான்களைக் காட்டிக்கொண்டே போகிறார். நான் பார்த்தவற்றில் பொருள்களுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த படங்கள் குறைவு. கடைசியில் மட்டும் திரை வெளுத்து, ஒரு சிலுவை நிழல் மட்டும் நிற்க, சாவைச் சொல்லும் கடிதத்தை ஒரு குரல் வாசிக்கிறது. மகத்தான முடிவு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு நாவலின் முடிவே மேலாகப் படுகிறது. அங்கே சிலுவை இல்லை, கடிதம் மட்டும்தான். எழுதுகிறவன் துஃப்ரெத்தி: குருப்பட்டத்தை உதறிவிட்டு, ஒரு பெண்ணோடு வாழ்ந்துகொண்டு, மருந்து வியாபாரத்தில் பிழைக்கிற பழைய நண்பன். அவன் அறையில்தான் சாமியார் சாகிறார். கூப்பிட்டனுப்பிய குரு வந்து சேராததால் இவனிடமே பாவமன்னிப்பு கேட்டுப் பெறுகிறார். அந்த முழு நிகழ்ச்சியையும் துஃப்ரெத்தி ஒரு வியாபாரி கடிதம் எழுதுகிற நடையில், தன் நிலைமைக்குக் கொஞ்சம் சமாதானம் சொல்லிக்கொண்டு, கொஞ்சம் மிடுக்காக, சாமியாரின் மேலதிகாரி போன்ற இன்னொரு குருவுக்குத் தெரிவிக்கிறான். அந்த நடையின் பிசுக்கு கடைசி வரி வரைக்கும் போகவில்லை. சாகிறவர் கடைசியாகச் சொன்ன வார்த்தைகள் தெரேஸிடமிருந்து வந்தவை. பெர்னானோஸ் அவற்றை இவன் வாயில், இவன் நடையிலேயே விட்டுவைத்திருக்கிறார். திருத்தவில்லை.